சும்மா இருக்கும் கட்டைவிரல்

“போ ராசா, உள்ளே போ” என்று ஸ்குரூவைக் கெஞ்சிக்கொண்டிருந்தார் டாக்டர் பூவலிங்கம். கடுகைவிடச் சின்ன ஸ்குரூ. காந்த நுனி வைத்த திருப்புளியின் முனையில் ஒட்டிக்கொண்டு நின்றது. அதைக் கொண்டுபோய் விமானத்தின் வாலில் இருந்த ஓட்டையில் வைத்துத் திருக வேண்டும். இவ்வளவுதான் வேலை. இதற்குப் போய் ஒரு மனுசன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டு மேஜையில் முழங்கையை ஊன்றி, வாயைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாய் திறப்பது தொழிலால் வந்த பழக்கம். கோவில்பட்டியில் பாதி ஊருக்குப் பல் பிடுங்கியவர். அகலமா, இன்னும் அகலமா என்று வருசக் கணக்கில் அடுத்தவனிடம் சொல்லிச் சொல்லி, எதையாவது கூர்ந்து பார்த்தால் இப்போது தன் வாயே தானாகத் திறந்துகொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கறிக்குழம்பு வாசனை இன்னும் மின்விசிறிக்குக் கீழேயே சுற்றிக்கொண்டிருந்தது. மேஜை நிறைய ஜெட் விமானம் துண்டு துண்டாகக் கிடந்தது. பெட்டியைப் பிரித்தபோது எல்லாம் வெள்ளை வெளேரென்று ஃபோமில் இருந்தன. உடம்பு, ரெண்டு இறக்கை, வால், மூக்கு, வயிற்றுக்குள் ஒளிந்துகொள்ளும் குட்டி ஃபேன். போர் விமானத்தை யாரோ சுண்டக் காய்ச்சி மேஜையளவாக்கிக் கொடுத்த மாதிரி. இறக்கையை உடம்போடு காலையிலேயே ஒட்டியாயிற்று. பாக்கி இந்த வால்தான். ரிமோட் சொல்கிறபடி வாலின் மடலை ஆட்டுவதற்கு உள்ளே ஒரு மோட்டார், தீப்பெட்டியில் பாதிகூட இருக்காது, சர்வோ என்பார்கள், அதன் கொக்கியில்தான் இந்த ஸ்குரூ போக வேண்டும். போகட்டும். நடுங்காமல் போகட்டும். இந்த ஒரு ஸ்குரூ நடுங்காமல் போய்விட்டால் நாளைக்குச் சவரிமுத்து சாரின் பல்லில் கை வைக்கலாம், ஒன்றும் இல்லை, எல்லாம் பிரமை, வயசாகிறதில்லையா. போகாவிட்டால். போகாவிட்டால் என்கிற இடத்துக்கு வந்ததும் நினைப்பு அப்படியே நின்றுவிட்டது. லெவல் கிராசிங்கில் கேட்டு போட்டதும் சைக்கிள்காரன் ஒரு காலை ஊன்றி நிற்பானே, அப்படி. அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் நின்றது.

யாரிடம் வைத்த பந்தயம் இது? சாமியிடமா? சாமிக்கு வேறு சோலி இல்லையா, ஒரு பல் டாக்டரின் ஸ்குரூவுக்குக் காவல் இருக்க. சின்ன வயசில் பள்ளிக்கூடம் போகிற வழியில் அடுத்த கம்பத்துக்கு முன்னால் பஸ் வந்துவிட்டால் பரீட்சையில் பாஸ் என்று வைத்துக்கொள்வார், பஸ் வராது, சரி அதற்கு அடுத்த கம்பம் என்று தள்ளிக்கொண்டே போவார். கடைசியில் பஸ்ஸும் வரும், பாஸும் ஆவார். அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. மழைக்கு முன்னால் ஒருநாள் க்ளினிக்கில் கண்ணாடித் தட்டில் கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, அடுக்கி முடித்துக் கையைத் தட்டின் ஓரத்தில் வைத்தபோது, டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம். பல்லிதான் என்று நினைத்தார். அண்ணாந்துகூடப் பார்த்தார். அப்புறம்தான் மோதிரம் என்று தெரிந்தது. மோதிரம் தட்டில் இடித்துக்கொண்டிருந்தது, விரல் ஆடிக்கொண்டிருந்தது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுகிற மாதிரி, இல்லாத ஒரு உருண்டையை. ஐயோ, இது யார் கை என்று ஒரு நொடி தோன்றியது. அன்றைக்கே மோதிரத்தைக் கழற்றிவிட்டார். சோப்பு போட்டால் அரிக்கிறது என்று ஜெயாவிடம் சொன்னார். ஜெயசெல்வி அவர் பெண்டாட்டி, பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். “சோப்பை மாத்துங்க, மோதிரத்தை ஏன் மாத்துதீங்க?” என்று கேட்டுவிட்டு விடைத்தாளைத் திருத்தப் போய்விட்டாள். அவள் கேள்வி எல்லாமே இப்படித்தான், பதிலுக்கு நிற்காது, ஆனால் அங்கேயே கிடக்கும்.

ஆனால் பாருங்கள், வேலை செய்யும்போது நடுங்குவதில்லை. அதுதான் அவருடைய பிடிமானம். ஊசி போடும்போது இல்லை, வேரைத் துருவும்போது இல்லை, இடுக்கியைப் பிடித்துப் பல்லை அசைக்கும்போது கல்லு மாதிரி நிற்கிறது கை. சும்மா வைத்தால்தான் சனியன் ஆரம்பிக்கிறது. காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எதையாவது யோசித்தால், பேப்பரை விரித்துப் பிடித்தால், சினிமா பார்க்கையில் மடியில் போட்டால். அதனால் என்ன, சும்மா இருக்காமல் இருந்தால் போகிறது! ஆகவே டாக்டர் சும்மா இருப்பதையே விட்டுவிட்டார். பூட்டின கதவைப் பூட்டினார், துடைத்த கண்ணாடியைத் துடைத்தார், இன்னொரு விமானம் வாங்கினார். ஆனால் படித்த படிப்பு விடுகிறதா? பல் படிப்புத்தான் என்றாலும் நரம்பைப் பற்றியும் சொல்லிக்கொடுத்தார்கள். வேலை செய்யும்போது நடுங்கினால் அது ஒரு வகை, பதற்றம், காபி, பரம்பரை, எத்தனையோ காரணம். சும்மா இருக்கும்போது நடுங்கி வேலை செய்யும்போது அடங்கினால் அது இன்னொரு வகை. பாடம் எடுத்த பேராசிரியர் மேஜை மேல் கையை வைத்து, உருண்டை உருட்டிக் காட்டினார். பின்பெஞ்சில் சிரித்தார்கள். பூவலிங்கமும் சிரித்தார். அந்த நோய்க்கு ஒரு வெள்ளைக்காரன் பெயர், பார்க்கின்சன். ஆக, எதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாரோ அதுதான் அவரைக் கீழே இழுக்கிறது. வேலை செய்யும்போது நடுங்கவில்லை, அப்பாடா. வேலை செய்யும்போது நடுங்கவில்லை, ஐயையோ. ரெண்டும் ஒரே வாக்கியம். செக்குமாடு மாதிரி அதையே சுற்றிச் சுற்றி வந்தார், சுற்றி முடித்து மறுபடி ஸ்குரூவுக்கு வந்தார்.

சவரிமுத்து சார் மட்டும் இல்லையென்றால் இவ்வளவு இல்லை. அவர் உடற்பயிற்சி வாத்தியார், ஊரில் ஹாக்கி என்றால் நடுவராக அவர்தான் நிற்க வேண்டும், அவர் விசில் ஊதினால் ரெண்டு தெரு தள்ளிப் போகிற ஆட்டோக்காரன் பிரேக் போடுவான். கடைவாயில் கீழே, கடைசிப் பல், படுத்துக் கிடக்கிறது, எலும்புக்குள் புதைந்து. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் ரெண்டு தரம் திருப்பிப் பார்த்தார் பூவலிங்கம். வேர் போய் உட்கார்ந்திருக்கிற இடம் அப்படி. கீழ் உதட்டுக்குப் போகிற நரம்பு அங்கேதான் தாடைக்குள் ஓடுகிறது, வேருக்கும் அதற்கும் ஒரு நூல்கூட இடைவெளி இல்லை. அதில் கருவி பட்டால் உதடு மரத்துப்போகும். சில பேருக்குத் திரும்பி வரும், சில பேருக்கு வரவே வராது. உதடு இருக்கும், இருப்பது தெரியாது. காபி வழிந்தால் தெரியாது. விசில் நழுவினால் தெரியாது. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் செய்துகொள்ளுங்கள் சார் என்று ஒப்புக்குச் சொல்லிப் பார்த்தார். “மதுரைக்காரனுக்கு என் வாயப் பத்தி என்ன டாக்டர் தெரியும்? உங்க கைன்னா கண்ண மூடிக்கிட்டு வாயத் தொறப்பேன்” என்றார் சவரிமுத்து. உங்க கைன்னா. அந்தச் சொல்லைக் கேட்டதும் கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். அப்போதும் ஒரு சந்தோசம் வந்ததே, அதைத்தான் சொல்ல வேண்டும், வெட்கம்கெட்ட சந்தோசம். என் கை. ஊர் நம்புகிற கை. அதை எப்படி ஒருத்தனிடம் போய், ஐயா இது இப்போது என் பேச்சைக் கேட்பதில்லை என்று சொல்வது? சொன்ன மறுநாள் கடலை மிட்டாய்க் கடைவரைக்கும் தெரிந்துவிடும். டாக்டருக்குக் கை நடுங்குதாம்லா. க்ளினிக்கின் பச்சை நாற்காலி காலியாகக் கிடப்பது மனக்கண்ணில் தெரிந்தது, அதன் மேல் ஒரு ஈ.

ஸ்குரூ உள்ளே போய்விட்டது. எப்போது போனது? ஈயைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தபோது கை தன்பாட்டுக்கு வேலையைப் பார்த்துவிட்டது. ஓட்டையில் நுனி உட்கார்ந்து, மரை பிடித்து, திருகு ஏறிக்கொண்டிருந்தது, ஒரு சுற்று, இன்னொரு சுற்று, ஃபோம் நசுங்காமல் அளவாக நிறுத்தினார். அசையவில்லை. வழுக்கவில்லை. கல்லு! “அட்ரா சக்கை” என்று வாய்விட்டுச் சொன்னார், சமையலறையிலிருந்து “என்ன?” என்று ஜெயா கேட்டாள், “ஒண்ணுமில்ல” என்றார், ஒன்றுமில்லை என்று சொல்வதில் அத்தனை ருசி இருக்கும் என்று இதுவரை தெரிந்ததில்லை. ஒண்ணுமில்ல, ஒண்ணுமே இல்ல. நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க சவரிமுத்து சார். ரெண்டு டியூப் பசையையும் பிதுக்கிக் குச்சியால் குழைத்து வாலின் அடியில் தடவி, உடம்போடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டார். பசை இறுகும்வரை பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இறுகும்போது பசை கொஞ்சம் சூடாகும், உயிருள்ளது மாதிரி, அது அவருக்குப் பிடிக்கும். சூடு விரலுக்கு வந்தது. எத்தனை விமானம் பறக்கவிட்டாயிற்று. கரிசல் காட்டில் உழவுக்கு முன்னால் தரை வெடித்துக் கிடக்கும்போது சாயங்காலம் போய் நிற்பார், விமானம் மேலே போய்த் திரும்பும்போது வயிற்றில் வெயில் படும், அப்போது அவருக்கு வயசு என்று ஒன்று இல்லை, பல் என்று ஒன்று இல்லை. பழைய நீலக்கலர் விமானம்தான் போன மாதம் காட்டிக்கொடுக்கப் பார்த்தது. நேராகப் போக வேண்டியது லேசாகத் தவித்தது, காற்று இல்லாத நாளில். இறக்கி வைத்துப் பார்த்தால், ரிமோட்டின் குச்சியில் கட்டைவிரலைச் சும்மா வைத்திருக்கும்போது வால் படபடவென்று துடித்தது. விரல் சின்னதாக ஆடினால் வால் பெரிதாக ஆடுகிறது. விரலை எடுத்தால் நின்றுவிடுகிறது. யாரும் பார்க்கவில்லை. ரிமோட்டுக்குள் அதற்கு ஒரு மெனு இருக்கிறது. குச்சி நடுவில் நிற்கும்போது சின்னச் சின்ன அசைவைக் கண்டுகொள்ளாதே என்று சொல்லிவைத்துவிடலாம். சொல்லிவைத்தார். வால் சாதுவாகிவிட்டது. அன்றைக்கு எவ்வளவு நிம்மதி! வீட்டுக்கு வருகிற வழியில்தான் ஒன்று தோன்றியது: சவரிமுத்துவின் வாய்க்குள் அப்படி ஒரு மெனு கிடையாது. தோன்றினதும் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

பசை இறுகிவிட்டது. கையை எடுத்தார். வால் நின்றது. விமானம் ஒருவழியாக விமானமாகிவிட்டது, மூக்கைத் தூக்கிக்கொண்டு, இந்த வீட்டில் எனக்கு என்ன வேலை என்று கேட்கிற மாதிரி. பேட்டரியைச் செருகினார். ரிமோட்டில் புது விமானம் என்று ஒரு புதுப் பக்கத்தைத் திறந்து பெயர் கொடுத்து, இரண்டையும் பேசவைத்தார். பிறகு “ஜெயா, வா, பாத்துச் சொல்லு” என்று கூப்பிட்டார். இது அந்த வீட்டுச் சட்டம். போட்டது ஜெயா. ஒருதரம் இவரே ஒட்டி, இவரே முன்பக்கம் நின்று பார்த்து, எல்லாம் சரி என்று இவரே சொல்லிக்கொண்டு பறக்கவிட்டார். முன்னால் நின்று பார்த்தால் வலது இடதாகத் தெரியும் என்பது படித்த மனுசனுக்கு மறந்துபோயிற்று. வலப்பக்கம் திரும்பு என்றால் அது இடப்பக்கம் திரும்பி, பருத்திக் காட்டுக்குள் தலைகுப்புறப் போய்ச் சொருகிக்கொண்டது. “போட்ட பிள்ளையே திருத்துனா எல்லாம் நூத்துக்கு நூறுதான்” என்றாள் ஜெயா. அன்றிலிருந்து சட்டம் இதுதான்: ரிமோட்டை வைத்திருப்பவர் விமானத்துக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். ஜெயா வாலுக்குப் பின்னால் நின்றுகொண்டு, எது எந்தப் பக்கம் அசைகிறது என்று கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்வாள். அவர் என்ன செய்தார் என்று கேட்க மாட்டாள்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டாள். “திரும்புங்க” என்றாள். அவர் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றார். வெளியே வேப்பமரத்தடியில் நாய் படுத்திருந்தது. முதலில் இறக்கை ஓரத்து மடல்கள். வலப்பக்கமாகக் குச்சியைத் தள்ளினார். “வலது இறக்கை மேல, இடது கீழ” என்றாள் ஜெயா. சரி. மறுபக்கம் தள்ளினார். “இடது மேல, வலது கீழ.” சரி. தன் பக்கமாக இழுத்தார். “வால் மேல.” முன்னால் தள்ளினார். “வால் கீழ.” எல்லாம் சரி, எல்லாமே சரி, நாளைக்குப் பத்து மணி. குச்சியை நடுவுக்கு விட்டு, வலது கட்டைவிரலை அதன் மேலேயே ஓய்வாக வைத்துக்கொண்டு, அடுத்து வாலில் செங்குத்தாக நிற்கும் சுக்கானைப் பார்க்கலாம் என்று இடது கையைத் தயார்செய்தார்.

பின்னால் ஜெயா வாலுக்குப் பக்கத்தில் குனிகிற வளையல் சத்தம் கேட்டது.

“சொல்லு” என்றார்.

“நடுங்குது” என்றாள்.

அப்போதுதான் நினைவு வந்தது. புது விமானத்துக்குப் புதுப் பக்கம். பழைய விமானத்துக்குச் சொல்லிவைத்ததெல்லாம் பழைய விமானத்தோடு போயிற்று. கண்டுகொள்ளாதே என்று இதற்கு யாரும் சொல்லவில்லை. ஸ்குரூவோடு பேசிக்கொண்டே, சாமியோடு பேசிக்கொண்டே, அதை மறந்தே போனார். முதுகுக்குப் பின்னால் அந்த வால் அவருடைய விரலைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறது, கரும்பலகையில் எழுதிப் போட்ட மாதிரி, எதிரில் கணக்கு டீச்சர். விரலை எடுத்துவிடலாம். எடுத்தால் நின்றுவிடும். எடு என்றார் விரலிடம். அது எடுக்கவில்லை.

“எதையாவது அசைக்குதீங்களா?”

“இல்ல, சும்மாதான் வச்சிருக்கேன். சர்வோ கோளாறு போல. மட்டமான சர்வோ.”

“இங்க குடுங்க.”

“வேண்டாம் ஜெயா, நான் மாத்திக்கிடுதேன்.”

“குடுங்கன்னா.”

அவள் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து ரிமோட்டை வாங்கினாள். அவரும் திரும்பிவிட்டார், சட்டத்தை மீறி. அவள் தன் கட்டைவிரலைக் குச்சியின் மேல் வைத்தாள், அவர் வைத்திருந்த அதே மாதிரி. வால் அசையவில்லை. ஓவியம் மாதிரி நின்றது.  மின்விசிறிக் காற்றில்கூட அது அசையவில்லை. பிறகு அவர் கையை எடுத்து, குழந்தைக்கு எழுதப் பிடித்துவிடுவது போல, கட்டைவிரலைக் குச்சியின் மேல் வைத்துவிட்டாள். வால் துடிக்க ஆரம்பித்தது. அவள் எடுத்தாள். நின்றது. மறுபடி வைக்கவில்லை. அவள் எந்தக் கணக்கையும் மூன்றாம் தரம் போட்டுப் பார்க்கிறவள் இல்லை.

“எப்பருந்து?” என்றாள்.

“வேல செய்யும்போது நடுங்காது ஜெயா. சத்தியமா. இப்பக்கூட அந்த ஸ்குரூவ நீ பாத்திருக்கணும், சும்மா கிண்ணுனு போச்சு.”

“நான் அதக் கேக்கல.”

“மழைக்கு முன்னருந்து.”

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அழுவாளோ என்று பயந்தார். அவள் அழவில்லை, அவர் கையை எடுத்துத் தன் ரெண்டு கைக்கும் நடுவில் வைத்து அமுக்கிக்கொண்டாள், பசை இறுகுவதற்குப் பிடிக்கிற மாதிரி. உள்ளே அது பாட்டுக்கு உருட்டிக்கொண்டிருந்தது. மோதிரம், டம்ளர், பேப்பர் என்று ஒவ்வொன்றாக அவள் கூட்டிக்கொண்டிருப்பது முகத்தில் தெரிந்தது. “நாளைக்கு யாரு?” என்று கேட்டாள். சொன்னார். உதட்டு நரம்பையும் சொன்னார். ஏன் சொன்னோம் என்று தெரியவில்லை, சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் ஒன்று வெளியே வந்ததும் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிட்டன, நூலைப் பிடித்து இழுத்த மாதிரி. “வேல செய்யும்போது நடுங்காதுல்லா” என்று முடித்தார், பிடிமானத்தை விட மனசில்லாமல்.

“வேலைக்கு நடுவுல உங்க கை ஓயவே ஓயாதா?” என்றாள் ஜெயா.

ஓயும். அதுதான் விசயம். எலும்பைக் கொஞ்சம் சீவிவிட்டு, ரத்தத்தை உறிஞ்சிவிட்டு, பார்ப்பதற்காக நிறுத்தும்போது ஓயும். கருவியின் நுனி நரம்புக்குப் பக்கத்தில் இருக்க, விரல் பல்லின் மேல் சாய்ந்திருக்க, ஒரு மூச்சு விடுகிற நேரம் கை சும்மா இருக்கும். அவர் அதை இத்தனை நாளாக நினைக்கவே இல்லை. நினைக்கவில்லையா, நினைக்க விடவில்லையா. நல்லா இருக்கிற மனுசன், கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு. என்ன காரியம் செய்ய இருந்தேன்!  போனை எடுத்தார். சவரிமுத்து மூன்றாவது மணியில் எடுத்து, “டாக்டர், வெறும் வயித்துல வரணுமா, சாப்பிட்டு வரலாமா?” என்று கேட்டார். பின்னால் பையன்கள் மட்டையால் தட்டுகிற சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமையும் மைதானத்தில்தான் இருக்கிறார் மனுசன். வேறு சோலி வந்துவிட்டது, மருந்து வரவில்லை, கரண்ட் இல்லை என்று நாக்கு நுனியில் பொய்கள் வரிசையில் நின்றன. ஜெயா அவரைப் பார்க்கவில்லை. விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என் கை நடுங்குது சார்” என்றார் பூவலிங்கம்.

 அந்தப் பக்கம் சவரிமுத்து யாரையோ “சத்தம் போடாதிங்கல” என்று அதட்டினார். “சரி டாக்டர்” என்றார். “என் பல்லுக்கு மதுரை இருக்கு, போய்க்கிடுதேன். உங்களுக்கு யாரு பாக்கா?”

 இப்படி ஒருத்தர் கேட்பார் என்று அவர் நினைக்கவே இல்லை, ஊர் என்ன பேசும் என்பதைத்தான் நினைத்திருந்தார். சவரிமுத்துவின் குரல் போனுக்கு வெளியேயும் கேட்டது. “மதுரைக்குத்தான்னு சொல்லுங்க” என்றாள் ஜெயா, திரும்பாமலே. “மதுரைக்குத்தான் சார்” என்றார். “அப்ப ஒரே பஸ்ல போவோம்” என்று சொல்லிவிட்டு சவரிமுத்து போனை வைத்தார். வைக்கும் முன்னாலேயே விசில் ஊதினார் போல, காதைக் கிழித்தது.

போனை மேஜையில் வைத்தார். கை மேஜை மேல் கிடந்தது. உருட்டியது. அதை எடுத்து மடியில் ஒளிக்கவில்லை, உருட்டட்டும் என்று விட்டார். பச்சை நாற்காலி மறுபடி கண்ணில் வந்தது, ஈயோடு. பயமாகத்தான் இருந்தது, ஆனால் பயம் இப்போது எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டது, முதுகுக்குப் பின்னால் இல்லை. ரிமோட்டை எடுத்து அணைக்கப் போனார். ஜெயா தடுத்தாள்.

“இன்னும் சுக்கான் பாக்கல. திரும்பி நில்லுங்க.”

“அது நடுங்குமே.”

“நடுங்கட்டும். நடுங்குறதக் கழிச்சுட்டுச் சொல்லுதேன்.”

அவர் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றார். நாய் எழுந்துபோயிருந்தது. இடது கட்டைவிரலால் குச்சியை வலப்பக்கம் தள்ளினார்.

“வலது” என்றாள் ஜெயா.